வெண்மை எது? கணினித் திரையின் மூன்று எண்கள்

வெண்மை என்றால் என்னவென்று ஒரு சிறுவனைக் கேட்டால் அவன் பாலைக் காட்டுவான், மல்லிகையைக் காட்டுவான், சுண்ணாம்பு பூசிய சுவரைக் காட்டுவான். அம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் அவை ஒரே நிறமாக இரா. அதுவுமன்றி, அதே மல்லிகை உச்சி வெயிலில் ஒரு வெண்மையும், அந்திப் பொழுதில் வேறொரு வெண்மையும், குத்துவிளக்கின் முன் மற்றுமொரு வெண்மையும் உடையதாகத் தோன்றும். ஆயினும் பார்ப்பவர் இவ்வேறுபாடுகளைப் பெரும்பாலும் உணர்வதில்லை. சூழ உள்ள ஒளி எதுவாயினும் கண்ணும் மூளையும் அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொண்டு, 'இது வெள்ளை' என்றே தீர்ப்புக் கூறிவிடுகின்றன. அன்றாட வாழ்வுக்கு இது பேருதவியாகும். ஆனால், ஓரிடத்திற் கண்ட நிறத்தை வேறோரிடத்தில் அப்படியே மீண்டும் காட்டல் வேண்டும் என்ற தேவை எழுந்தவுடன், கண்ணின் இப்பெருந்தன்மையே பெருந்தடையாகி விடுகிறது.

இன்று அத்தேவை யாவர்க்கும் உண்டு. சேலை வணிகர் தம் சரக்கின் நிறத்தைக் கணினித் திரையிற் காட்டி விற்கின்றார். அச்சகத்தார் திரையில் ஒப்பிய படத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கின்றார். தொலைவில் உள்ள நோயாளியின் தோலின் நிறத்தை மருத்துவர் படத்திற் பார்க்கின்றார். திரை மஞ்சளாகச் சாய்ந்திருந்தால், மஞ்சட்காமாலை இல்லாதவர்க்கு அந்நோய் இருப்பதாகத் தோன்றும். நீலமாகச் சாய்ந்திருந்தால், இருப்பவர்க்கு இல்லையென்று தோன்றும். ஆதலின், திரையின் நிறத்தை ஒரு நியமத்துக்கு இணங்கச் சீர்செய்தல் அலங்காரத்துக்குரிய வேலை அன்று.

அவ்வாறு சீர்செய்ய முற்படுவோரிடம் அதற்குரிய கருவி மூன்று கேள்விகளைக் கேட்கும். வெண்புள்ளி எது? காமா எவ்வளவு? ஒளிர்வு எவ்வளவு? பெரும்பாலோர் 6500 என்றும், 2.2 என்றும், 80 அல்லது 120 என்றும் விடை கூறி அப்பாற் செல்வர். இவ்வெண்களை யார் வகுத்தனர்? எதனை அளந்து வகுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகின்றது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஐசாக் நியூற்றன். 1666ஆம் ஆண்டளவில் அவர் ஞாயிற்றின் ஒளிக்கற்றை ஒன்றைக் கண்ணாடி அரியத்தின் ஊடாகச் செலுத்தி, அது சிவப்பு முதல் ஊதா ஈறாகப் பல நிறங்களாய்ப் பிரிவதைக் கண்டார். பிரிந்த நிறங்களை மீண்டும் ஒன்றுசேர்த்தபோது பழைய வெண்மையே கிடைத்தது. 1672இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதிய கடிதம் இம்முடிவை உலகறியச் செய்தது. அதுகாறும் வெண்மை என்பது கலப்பற்ற தூய ஒளி என்றும், நிறங்கள் அதன் கறைகள் என்றும் கற்றோர் எண்ணி வந்தனர். நியூற்றனோ வெண்மையே கலவை என்று காட்டினார். கலவை என்றால் அதற்கு அளவுகள் உண்டு. எந்த அளவிற் கலந்தது வெண்மை என்ற வினா அன்றே பிறந்துவிட்டது. எனினும் விடைக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1802இல் தோமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர் ஒரு நுட்பமான கருத்தை வெளியிட்டார். நிறங்கள் எண்ணற்றவையாயினும் விழித்திரையில் மூவகை உணர்கருவிகள் இருந்தாற் போதும். அவை மூன்றும் வெவ்வேறு அளவிற் தூண்டப்படுவதனால் எல்லா நிறங்களும் உணரப்படலாம் என்பதே அது. செருமனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் இதனை விரித்துரைத்தார். ஸ்கொத்லாந்துப் பௌதிக அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இதனைச் செயலிற் காட்டினார். 1861ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசன் மண்டபத்தில் அவர் கோடிட்ட நாடா ஒன்றின் படத்தை அவையோர்க்குக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகளின் ஊடாகத் தனித்தனியே எடுக்கப்பட்ட மூன்று படங்கள், அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தப்பட்டன. திரையில் நிறப்படம் தோன்றியது. இன்றைய கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் செய்வது இதே வேலைதான்.

அச்செயல் விளக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்காலத்து நிழற்படத் தகடுகள் சிவப்பொளியை உணரும் ஆற்றல் அற்றவை. அப்படியானால் சிவப்புப் படம் எவ்வாறு பதிந்தது? நூறு ஆண்டுகள் கழித்து, 1961இல், கொடாக் நிறுவன ஆய்வாளர் இவ்வினாவுக்கு விடை கண்டனர். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர்களையும் தெறிக்கச் செய்தது; மக்ஸ்வெல்லின் சிவப்பு வடிகட்டி அக்கதிர்களைத் தடுக்கவில்லை; தகட்டிற் பதிந்தவை அவையே. படம் சரியாகத் தோன்றியதற்குக் காரணம் வேறு. அவையோர் கருதிய காரணம் வேறு. கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவது சரியாகச் செய்யப்பட்டதுதான் என்று கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நிறத்தைக் கருவியால் அளத்தல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆனால் நிறத்தை எவ்வாறு அளப்பது? நீளத்தை அளக்கக் கோலும், நிறையை அளக்கத் தராசும் உள. நிறமோ காண்பவனின் உணர்வு. ஆகவே, காண்பவனையே முதலில் அளக்க வேண்டியதாயிற்று. 1920களின் இறுதியில் இலண்டனில் டபிள்யூ. டேவிட் றைற் என்பவர் 10 பேரையும், தெடிங்ரனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ஜோன் கில்ட் என்பவர் 7 பேரையும் கொண்டு பரிசோதனை நடத்தினர். சிறியதொரு துவாரத்தின் ஊடாக நோக்குபவர்க்கு வட்டத்தின் ஒரு பாதியில் நிறமாலையின் தனி நிறம் ஒன்று காட்டப்படும்; மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் அவர் அந்நிறத்தைப் பொருத்துதல் வேண்டும். இருவரும் தனித்தனியே, வெவ்வேறு கருவிகளைக் கொண்டு ஆய்ந்தனர். ஆயினும் முடிவுகளை ஒரே அடிப்படைக்கு மாற்றி ஒப்பிட்டபோது அவை வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன.

1931ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் கேம்பிரிட்ஜ் நகரிற் கூடிய சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு, அந்தப் 17 பேரின் கண்களினின்றும் பெற்ற சராசரியை 'நியம நோக்குநர்' என ஏற்றுக்கொண்டது. அன்று முதல் எந்த நிறத்தையும் மூன்று எண்களாற் குறித்தல் இயல்வதாயிற்று. இன்று திரையின்மேல் வைத்து நிறத்தை அளக்கும் சிறு கருவிகளின் உள்ளே இருக்கும் வடிகட்டிகளும், அவற்றை இயக்கும் கணிப்பு முறைகளும் அந்த 1931ஆம் ஆண்டு வளைகோடுகளைப் பின்பற்றியே அமைந்தவை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இருட்டறையில் அமர்ந்து ஒளிகளைப் பொருத்திய பதினேழு பேர், உலகெங்கணும் உள்ள திரைகளை இன்றும் நோக்கிக்கொண்டிருக்கின்றனர் என்று சொன்னாலும் பிழையன்று.

அதே கூட்டத்தில் நோக்குநரோடு ஒளிகளும் வரையறுக்கப்பட்டன. இங்கு வெப்பநிலை என்ற கருத்துப் புகுகின்றது. கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சும்போது அது முதலிற் சிவக்கும், பின்னர்ச் செம்மஞ்சளாகும், மேலும் காய்ச்சினால் வெளுக்கும். சூடேறிய கரும்பொருள் ஒன்று எந்த வெப்பநிலையில் எந்நிறத்தில் ஒளிரும் என்பதை 1900இல் மக்ஸ் பிளாங்க் கணித முறையால் வரையறுத்தார். ஆகவே ஒளியின் சாயலைக் கெல்வின் அளவில் ஒரே எண்ணாற் குறித்தல் வழக்கமாயிற்று. மெழுகுதிரியின் ஒளி 1900 கெல்வின் அளவினது. பழைய தங்குதன் இழை விளக்குக்கு ஆணைக்குழு வகுத்த நியமம் இன்றைய கணக்கில் 2856 கெல்வின். எண் ஏற ஏற ஒளி நீலமாகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓவியர் 'வெம்மையான நிறம்' என்று சிவப்பையும், 'தண்மையான நிறம்' என்று நீலத்தையும் குறிப்பர். பௌதிகத்திலோ சிவந்தது தணிந்த வெப்பம், நீலித்தது உயர்ந்த வெப்பம். திரையைச் சீர்செய்வோர் பலர் இடறும் முதற்கல் இதுவே.

பகலொளிக்கென 1931இல் வகுக்கப்பட்ட நியமம் 'சீ' எனப்பட்டது. இழை விளக்கின் முன் நீல நிறக் கரைசல்களை வைத்து வடிகட்டிப் பெற்ற செயற்கைப் பகல் அது. ஐக்கிய அமெரிக்காவில் 1953இல் ஒப்புதல் பெற்ற நிறத் தொலைக்காட்சி முறையும் அந்தச் 'சீ'யையே தன் வெண்மையாகக் கொண்டது. ஆனால் உண்மையான பகலொளியில் உள்ள ஊதாக்கடந்த கதிர்கள் அதிற் போதிய அளவு இல்லை. துணிகளிலும் தாள்களிலும் வெண்மையூட்டும் ஒளிர்பொருள்கள் சேர்க்கப்படும் காலம் வந்தபோது, அப்பொருள்கள் அக்கதிர்களைக் கொண்டே ஒளிர்வதனால், இக்குறை பெரிதாயிற்று.

ஆகவே, வானத்தையே நேரில் அளக்கத் துணிந்தனர். அமெரிக்காவின் றொச்செஸ்ரர், இங்கிலாந்தின் என்ஃபீல்ட், கனடாவின் ஒட்டாவா ஆகிய மூன்று இடங்களில் அளக்கப்பட்ட 622 பகலொளி அளவீடுகளை ஜட், மக்அடம், விஷெக்கி என்னும் மூவர் ஆராய்ந்து 1964இல் தம் முடிவை வெளியிட்டனர். தெளிந்த வானம், முகில் மூடிய வானம், நேர் வெயில் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். அதன்வழிப் பிறந்தவையே 'டி' வரிசை நியமங்கள். அவற்றுள் 6500 கெல்வின் அளவினது டி65. 5000 கெல்வின் அளவினது டி50. பிற்காலத்திற் கதிர்வீச்சு மாறிலி ஒன்றின் மதிப்புத் திருத்தப்பட்டமையால், 6500 என்று வகுத்தது இன்றைய கணக்கில் 6504 ஆக நிற்கின்றது. அந்த நான்கு கெல்வின் விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொண்டதன் தழும்பு எனலாம்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுவது இயல்பு. அம்மூன்று ஊர்களும் வடபுலத்துக் குளிர்நாட்டு ஊர்கள். வெப்ப வலயத்து வானம் அவற்றை ஒத்ததாகுமா? இந்த ஐயம் அக்காலத்து விஞ்ஞானிகட்கும் எழாமலில்லை. புதுதில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாஸ்திரி, தாஸ் என்னும் இருவர் தில்லி நகரின் வானொளியை அளந்து 1966இலும், வெப்ப வலயப் பகலொளி பற்றி 1968இலும் தம் ஆய்வுகளை வெளியிட்டனர். நியமம் ஒன்று சிலரால் வகுக்கப்படினும் அதனைச் சோதித்துப் பார்க்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. எந்த வானத்தின் கீழ் வாழ்பவரும் தம் வானத்தை அளந்து ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பை அளித்ததே எண்களின் பெரும்பயன்.

டி65 ஐரோப்பியத் தொலைக்காட்சியின் வெண்மையாயிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது கைக்கொண்ட நிறமுறையும் அதனையே அடிப்படையாகக் கொண்டது. எனினும் நடைமுறை வேறு. யப்பானியத் தொலைக்காட்சி 9300 கெல்வின் என்னும் நீலச் சாயலுடைய வெண்மையைக் கைக்கொண்டது. கணினித் திரைகள் பலவும் அதே சாயலோடு விற்பனைக்கு வந்தன. கடையில் அருகருகே வைத்திருக்கும் திரைகளுள் நீலித்த வெண்மை பளிச்சென்று கண்ணைக் கவரும். சலவைத் தொழிலாளி துணிக்கு நீலம் போடுவதும் இக்காரணம் பற்றியே. அச்சுத்துறையினரோ தாளை நோக்கும் தம் விளக்குகளுக்கு டி50ஐத் தெரிந்தனர். ஆகவே 'எது சரியான வெண்மை' என்பதற்கு ஒரே விடை இல்லை. எதனோடு ஒப்பிடுவதற்காக என்று கேட்டபின்னரே விடை கூறல் இயலும்.

இனி, இரண்டாவது எண்ணாகிய காமா. இதன் பெயர் நிழற்படக் கலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் விட்னஸ் நகரில் இரசாயனத் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஹேர்ற்றர், டிறிஃபீல்ட் என்னும் இரு நண்பர், ஓய்வு நேரத்திற் படமெடுக்கும் ஆர்வமுடையோர். எவ்வளவு ஒளி பட்டால் தகடு எவ்வளவு கறுக்கும் என்பதை அவர்கள் அளந்து வரைந்த கோடு 1890இல் வெளிவந்தது. அக்கோட்டின் சரிவைக் குறிக்க அவர்கள் காமா என்னும் கிரேக்க எழுத்தைக் கையாண்டனர்.

1897இல் பேர்டினண்ட் பிறவுண் கண்ட கதோட்டுக் கதிர்க் குழாய் பின்னாளில் தொலைக்காட்சியின் உயிராயிற்று. அக்குழாயில் ஓர் இயல்பு காணப்பட்டது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியாவதில்லை; ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த இயல்பையே பொறியியலாளர் 2.2 போன்ற எண்ணாற் குறித்தனர். இது குழாயின் குறையென்று தோன்றும். ஆனால் இயற்கை இங்கே மனிதனுக்கு ஒரு சலுகை வழங்கியது. மனிதக் கண்ணும் ஒளியைச் சமமான படிகளில் உணர்வதில்லை. இருளில் நேரும் சிறு வேறுபாட்டை நுட்பமாகவும், பேரொளியில் நேரும் அதே வேறுபாட்டை மந்தமாகவும் உணர்கின்றது. இருளறையில் ஒரு விளக்கோடு இன்னொரு விளக்கை ஏற்றினால் பெரிய மாற்றம் தெரியும். திருவிழாப் பந்தலில் நூறு விளக்குகளோடு ஒன்றை ஏற்றினால் யாரும் கவனியார். குழாயின் கோணலும் கண்ணின் கோணலும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்தன. ஆதலால், ஒரு நிறத்துக்கு 256 படிகளை மட்டும் கொண்ட கணினியும் கண்ணுக்கு இசைவான படத்தைக் காட்ட முடிந்தது.

கதோட்டுக் குழாய் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தைப் பிடித்த திரவப் பளிங்குத் திரைக்கு அந்த இயல்பு பிறவியில் இல்லை. எனினும் உலகத்துப் படங்கள் யாவும் குழாயை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. ஆதலால், புதிய திரையும் தன்னுள்ளே ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு பழைய குழாய்போல் நடிக்கின்றது.

இந்த எண்ணிலும் பிணக்கு நேர்ந்தது. அப்பிள் நிறுவனத்தார் தம் மக்கின்ரொஷ் கணினிகளுக்கு 1.8 என்னும் காமாவைக் கைக்கொண்டனர். திரையிற் காணும் சாம்பல் நிறங்கள் தம் அச்சுப்பொறியிலிருந்து வரும் தாளோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். மற்றைய கணினிகள் 2.2 அளவில் நின்றன. ஆகவே ஒருவகைக் கணினியில் அழகாக ஆக்கிய படம் மறுவகைக் கணினியிற் கறுத்துத் தோன்றியது. 1996இல் ஹியூலெற் பக்கார்ட், மைக்கிரோசொப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து பொது நியமம் ஒன்றை முன்மொழிந்தன. எஸ்.ஆர்.ஜி.பி. எனப்படும் அந்நியமம் 1999இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் ஏற்பைப் பெற்றது. வெண்மை டி65, காமா ஏறத்தாழ 2.2; ஒளிர்வு சதுர மீற்றருக்கு 80 கண்டெலா. 2009இல் அப்பிள் நிறுவனமும் 2.2க்கு மாறியது. இருபத்தைந்து ஆண்டுப் பிணக்கு அவ்வாறு தீர்ந்தது.

மூன்றாவது எண்ணின் அலகாகிய கண்டெலா என்பது இலத்தீன் மொழியில் மெழுகுதிரியைக் குறிக்கும் சொல். 1860ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம் ஒன்று, இலண்டன் நகர வாயு விளக்குகளின் ஒளியை அளப்பதற்கு, திமிங்கிலத் தலையிற் பெறும் மெழுகாற் செய்து, மணிக்கு 120 கிரெயின் வீதம் எரியும் திரியை அளவாகக் குறித்தது. வாயு நிறுவனம் விற்கும் ஒளி காசுக்கு ஏற்றதா என்று மக்கள் அறிய வேண்டியிருந்தமையே அச்சட்டத்தின் காரணம். 1948இல் கண்டெலா சர்வதேச அலகாயிற்று. 1979இல் அது குறித்த மீடிறன் கொண்ட ஒளியின் வலுவைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. ஆயினும் திரையின் ஒளிர்வைச் சதுர மீற்றருக்கு இத்தனை கண்டெலா என்று கூறும்போது, அந்தப் பழைய மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றது.

இன்றைய திரைகள் பல 250 கண்டெலாவுக்கும் மேலான ஒளிர்வோடு விற்கப்படுகின்றன. அச்சிட்ட படம் கறுத்துப்போயிற்று என்று வருந்துவோர் பெரும்பாலும் இதனைக் கவனியாதவரே. மிகை ஒளியுடைய திரையில் படம் வெளிறித் தோன்றும். அதனைச் சரிசெய்வதாக எண்ணி இருட்டாக்குவர். தாளுக்கோ சொந்த ஒளி இல்லை. அறையின் ஒளியே அதன் ஒளி. ஆகவே தாளில் அது கறுத்துவிடும். குற்றம் அச்சுப்பொறியின்மேற் சுமத்தப்படும். மிதமான ஒளியுடைய அறையில் 80 முதல் 120 கண்டெலா வரை வைத்தல் பொருந்தும்; வெள்ளைத் தாளொன்றைத் திரையருகே பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒளியோடு தோன்றுதல் வேண்டும்.

அறையின் சுவரும் இதிற் பங்குகொள்ளும். பாரிசில் கொபெலின் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கின்றது என்று நெசவாளர் முறையிட்டனர். அவர் ஆராய்ந்தபோது சாயத்திற் குறை காணவில்லை. கறுப்பு நூலின் அருகே நெய்யப்பட்ட நிறங்களே அதனை மங்கச் செய்தன. 1839இல் அவர் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை விளக்கியது. சிவந்த சுவரின் முன் வைத்த திரை பச்சையாகச் சாய்ந்து தோன்றும். ஆகவே நிறத்தொழில் செய்வோர் தம் அறைச் சுவருக்குச் சாம்பல் நிறம் பூசுவர். யன்னல் வெயில் திரையின்மேல் விழாது தடுப்பர்.

இவ்வளவு அளவீடுகள் எதற்கு, கண்ணுக்கு நன்றாகத் தோன்றினாற் போதாதா என்று கேட்போர்க்கு வரலாறு வேதனை தரும் ஒரு விடையை வைத்திருக்கின்றது. 1950கள் முதலாக, நிறப்படம் கழுவும் கூடங்கள் தம் பொறிகளைச் சீர்செய்வதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய மாதிரி அட்டைகளைப் பயன்படுத்தின. அவ்வட்டையில் வெண்ணிறத் தோலுடைய பெண்ணொருத்தியின் படம் இருக்கும். 'ஷேர்லி அட்டை' என்பது அதன் வழக்குப் பெயர். அப்பெண்ணின் முகம் நன்றாகத் தோன்றினால் பொறி சீராயிற்று என்று கொள்ளப்பட்டது. விளைவு யாது? கரிய நிறத்தோர் முகங்கள் படத்தில் நுட்பம் இழந்து இருண்டன; கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. வெண்ணிறத்தாரும் கருநிறத்தாரும் சேர்ந்து நின்ற பள்ளிப் படங்களில், ஒரு பிள்ளையின் முகம் தெளிவாகவும் அருகில் நின்ற பிள்ளையின் முகம் நிழலாகவும் அமைந்தன. பல இனத்துப் பெண்கள் இடம்பெற்ற அட்டைகள் 1990களிலேயே வெளிவந்தன. எவரும் வஞ்சகமாக அளவுகோலை வளைக்கவில்லை என்று கூறலாம். ஆனால் எவர் முகத்தை அளவுகோலாகக் கொள்வது என்ற வினாவை நெடுங்காலம் எவரும் கேட்கவுமில்லை.

கருவியால் அளக்கும் முறை இவ்வகையில் ஒரு படி முன்னேற்றமாகும். கருவி ஒரு முகத்தை நோக்குவதில்லை. கறுப்பு முதல் வெள்ளை வரையுள்ள சாம்பற் படிகளையும், மூன்று அடிப்படை நிறங்களையும் திரையிற் காட்டச் செய்து ஒவ்வொன்றையும் அளக்கின்றது. இருண்ட படிகள் ஒன்றிலொன்று மூழ்காமல் தனித்தனியே தெரிகின்றனவா என்று சோதிக்கின்றது. அவை தெரிந்தாலன்றிக் கரிய முகத்தின் சிரிப்பும் சுருக்கமும் திரையில் உயிர்பெறா.

இங்கே இரு வேலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தெரிந்தெடுத்த வெண்மை, காமா, ஒளிர்வு ஆகியவற்றுக்குத் திரையை இணங்கச் செய்வது ஒன்று. இணங்கச் செய்த பின்னரும் அத்திரை எந்நிறத்தை எவ்வாறு காட்டுகின்றது என்பதை எழுதிவைப்பது மற்றொன்று. முன்னது வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்றது. பின்னது அவ்வீணையின் இயல்பை இசைக்கலைஞர்க்கு எழுதிக் கொடுப்பது போன்றது. இவ்வெழுத்துக்குப் பொது வடிவம் வகுக்கவே 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச நிறக் கூட்டமைப்பை நிறுவின. எழுதப்பட்ட அவ்விவரத்தைப் படித்துப் பிற கருவிகள் நிறத்தை மொழிபெயர்த்துக் கொள்கின்றன.

ஆகவே, தெரிவு செய்ய வேண்டியவர்க்கு வரலாறு தரும் வழிகாட்டல் எளியது. திரையிலேயே காணப்படும் படங்களுக்கு 6500 கெல்வினும் 2.2 காமாவும் பொருந்தும். ஏனெனில் பிறர் திரைகளும் அவ்வழியே நிற்கின்றன. அச்சுத்தாளோடு ஒப்பிடுவோர் தாளை எந்த விளக்கின் கீழ் நோக்குகின்றனரோ அதற்கு அணித்தான வெண்மையைத் தெரிதல் வேண்டும். அச்சுத்துறையின் நியமம் டி50. ஒளிர்வை அறையே தீர்மானிக்கும். அளக்கத் தொடங்குமுன் திரையை அரைமணி நேரமாவது ஏற்றிவைத்துச் சூடேற விடுதல் நன்று. திரையின் விளக்கு நாளடைவில் மங்குவதால், சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் இரு திரைகள் ஒரே எண்களைக் காட்டிக் கண்ணுக்கு வேறுபட்டுத் தோன்றுதல் உண்டு. 1931ஆம் ஆண்டு நியமம் நீலப் பகுதியிற் சற்றுக் குறையுடையது என்பதை ஜட் 1951இலேயே எடுத்துக்காட்டித் திருத்தமும் கூறினார். 1964இல், 49 பேரை நோக்குநராகக் கொண்ட ஆய்வொன்றையும் துணைகொண்டு, இன்னொரு நியம நோக்குநரையும் ஆணைக்குழு வகுத்தது. ஆயினும் முதல் நியமம் கைவிடப்படவில்லை. உலகெங்கும் உள்ள கருவிகளும் கணக்குகளும் அதனையே பேசுகின்றன. அதனை மாற்றினால் அவை யாவும் ஒன்றோடொன்று பேச இயலாது போகும்.

சராசரி மனிதன் என்று ஒருவன் உலகில் இல்லை. பதினேழு பேரின் கண்களும், மூன்று ஊர்களின் வானமும், கைவிடப்பட்ட ஒரு குழாயின் கோணலும், அணைந்துபோன ஒரு மெழுகுதிரியும் கூடி அமைத்த உடன்படிக்கையே இன்றைய திரை காட்டும் நிறம். அவ்வுடன்படிக்கையால்தான் காஞ்சிபுரத்தில் நெய்த அரக்கு நிறச் சேலை கொழும்பில் உள்ளவர் திரையிலும் அரக்காகவே தோன்றுகின்றது. அது குறையற்றதன்று, முன்னரும் திருத்தப்பட்டது, இனியும் திருத்தப்படும். அதனைத் திருத்த வேண்டியவர்கள் அவ்வெண்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தவர்களாய் இருத்தல் வேண்டும்.